அடுத்து இறங்குபவருக்குப் பக்கத்து நாற்காலி

உட்காருங்கள் தம்பி. இது உங்கள் டீம் நாற்காலிதான், என்னைக் கேட்க வேண்டியதில்லை. நிழல் இந்த வேப்பமரத்தடியில் மட்டும்தான் இருக்கிறது என்பதால் நானும் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டேன். நீங்கள்தான் அடுத்து இறங்கப் போகிறவரா? பேடு கட்டியிருக்கிறீர்களே, அதனால் கேட்டேன். உங்களுக்கு முன்னால் இங்கே ஒருவர் இருந்தார், சிவப்புத் தொப்பி, தாடி. நல்ல மனிதர். அவர் பெண்ணுக்கு எல்.கே.ஜி. சீட் கிடைக்கவில்லையாம். அதற்கு யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் விக்கெட் விழுந்து எழுந்து போனார். போன இரண்டாவது பந்திலேயே அவுட். காலை நகர்த்தவே இல்லை, பார்த்தீர்களா? அவருக்கு முன்னால் உயரமாக ஒருவர் இருந்தார். அவரும் நல்ல மனிதர். அவர் முதல் பந்து.

இப்போது உங்கள் கேப்டனோடு ஆடிக்கொண்டிருக்கிறாரே, அவரோடுதான் ஒரு வார்த்தைகூடப் பேச முடியவில்லை. சிவப்புத் தொப்பி இவ்வளவு சீக்கிரம் வந்துவிடுவார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பேடைப் பாதி கட்டிக்கொண்டே ஓடினார். ஆனால் நன்றாகத்தான் ஆடுகிறார். இன்னும் முப்பது ரன் இருக்குமா? மூன்று விக்கெட் கையில் இருக்கிறது. நெருக்கமான மேட்ச்தான்.

நான் யார் என்று நீங்கள் கேட்கவில்லை. யாரும் கேட்பதில்லை. நாலாவது டிவிஷன் லீக் மேட்சைப் பார்க்க ஒருவன் ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் பல்லாவரம் வருகிறான் என்றால், ஒன்று ஆடுகிற யாருக்காவது அப்பாவாக இருக்க வேண்டும், இல்லை மைதானத்தில் காயப் போட்ட துணியை எடுக்க வந்தவனாக இருக்க வேண்டும். நான் இரண்டும் இல்லை. பெயர் பத்மநாபன். ஒரு லிஃப்ட் கம்பெனியில் சர்வீஸ் பிரிவில் இருந்தேன், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டுவிட்டேன். வீடு அயனாவரம். பேச்சு அதிகம் கிடையாது.

அயனாவரம் என்றதும் திரும்பிப் பார்க்கிறீர்கள். ஆமாம். அயனாவரம் ஃபிரெண்ட்ஸ் கிளப். அந்த டீமைத்தான் நான் பார்ப்பேன். எங்கள் மேட்ச் எல்லாம் போன வாரமே முடிந்துவிட்டது. இன்றைக்கு நீங்கள் ஜெயித்தால் நாங்கள் ஐந்தாவது டிவிஷனுக்கு இறங்குவோம். நீங்கள் தோற்றால் நீங்கள் இறங்குவீர்கள். நான் எதையும் ஒளிக்கவில்லை தம்பி. நீங்கள் தோற்க வேண்டும் என்பதற்காகத்தான் என்னை இங்கே அனுப்பியிருக்கிறார்கள். ஒருவரைக் கெடுக்க வந்துவிட்டு, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்லாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சிவப்புத் தொப்பியிடமும் சொன்னேன். உயரமானவரிடமும் சொன்னேன்.

கெடுப்பது என்றால் பயப்படாதீர்கள். நான் ஒன்றும் செய்யப் போவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கப் போகிறேன். அவ்வளவுதான் என் வேலை.

நல்ல ஷாட். உங்கள் கேப்டனுக்கு மணிக்கட்டு நன்றாக இருக்கிறது. இங்கே பார்க்கிறார் பாருங்கள். வணக்கம் வணக்கம். மரியாதை தெரிந்த மனிதர்.

நான் இந்த மாதிரி மேட்ச் பார்க்க ஆரம்பித்ததே என் மனைவியால்தான். வசுமதி வீட்டில் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். ஞாயிறு காலையில் பிளஸ் டூ பிள்ளைகள் ஹால் நிறைய உட்கார்ந்திருப்பார்கள். ஓய்வு பெற்ற புதிதில் நானும் ஓரமாக ஒரு நாற்காலியில் இருப்பேன். பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டக் கூடாதே என்று, அந்தக் கணக்கு ஒரு லிஃப்டுக்கு எப்படிப் பயன்படுகிறது என்று எப்போதாவது ஒரு வார்த்தை சொல்வேன். அரையாண்டுப் பரீட்சையில் எல்லோருக்கும் மார்க் குறைந்துவிட்டது. வசுமதி கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் காபியை வைத்துவிட்டு, “ஏங்க, கண்ணு பட்டுடுச்சுன்னு நினைக்கிறேன்” என்றாள்.

“யார் கண்ணு?”

“யார் கண்ணோ. பொதுவா சொல்றேன். நீங்க ஞாயித்துக்கிழமை மட்டும் காலாற நடந்துட்டு வாங்களேன். பின்னாடி கிரவுண்டுல கிரிக்கெட் ஆடறாங்க. பொழுது போகும்.”

அப்படித்தான் போனேன். கண் படுவதில் எல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் பப்ளிக் பரீட்சையில் பிள்ளைகள் நல்ல மார்க் வாங்கினார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

போன முதல் நாளே எனக்குப் பிடித்துவிட்டது. இதில் என்ன சுகம் என்று என் பெண் கேட்கிறாள், புனேயில் இருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை, அவள் அம்மாவிடம் கேட்டாள். பெரிய மேட்சுக்குப் போனால் ஆடுகிறவர்கள் எறும்பு மாதிரி தெரிவார்கள். இங்கே ஒரு பந்து மட்டையில் பட்டால் அந்தச் சத்தம் நம் நெஞ்சுக்கூட்டில் கேட்கிறது. பிட்ச் மேல் விரித்த பாய் எந்த ஓரத்தில் தூக்கிக்கொண்டிருக்கிறது என்பது தெரிகிறது. எங்கள் கீப்பர் நிஸாம் ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து பேட்ஸ்மேனிடம், “அண்ணே, போன மேட்ச்சுலயும் இதே ஷாட்டுதான் ஆடினீங்க, அண்ணி ஊருக்குப் போயிருக்காங்களா?” என்று கேட்பது தெளிவாகக் கேட்கிறது. ஒரு தடவை அம்பயர் பாக்கெட்டில் போன் அடித்தது. பேட்ஸ்மேனுடைய போன், பத்திரத்துக்குக் கொடுத்து வைத்திருக்கிறார். அம்பயர் எடுத்துப் பேசி, “உங்க வீட்டம்மா. கேஸ் சிலிண்டர் வந்திருக்காம், சாவி எங்கேன்னு கேக்கறாங்க” என்றார். ஆட்டத்தை நிறுத்திச் சாவி இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டு, அடுத்த பந்தை அவர் பவுண்டரிக்கு அடித்தார். இதையெல்லாம் எந்த டி.வி.யில் காட்டுவார்கள்?

புதருக்குள் பந்து போய்விட்டால் இரண்டு டீமும் சேர்ந்து தேடும். நானும் போய்த் தேடுவேன். சாப்பாட்டு நேரத்தில் எலுமிச்சை சாதப் பொட்டலம் ஒன்று மிஞ்சினால், “சார், நீங்க சாப்பிடுங்க” என்பார்கள். ஆரம்பத்தில் அப்படி நிறைய தடவை மிஞ்சியது.

இன்னொன்று சொல்ல வேண்டும். டி.வி.யில் ஒருவர் ஒரு கேட்சைப் பிடித்தால் அதை எல்லாப் பக்கமிருந்தும் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். உலகமே பார்க்கும். இங்கே கண்ணைச் சிமிட்டினால் போயிற்று. போன வருடம் எங்கள் சபாபதி, தலைக்கு மேலே போன பந்தைப் பின்னோக்கி ஓடிக்கொண்டே ஒற்றைக் கையில் பிடித்தார். சினிமாவில்கூட அப்படிப் பிடிக்க முடியாது. மைதானத்தில் பார்வையாளன் நான் ஒருவன். அவருடைய டீம் ஆட்களிலேயே ஒருவர் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார், ஒருவர் பக்கத்து மேட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்ததும் சபாபதி மூச்சு வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். “சார், பாத்தீங்களா?” என்றார். “பார்த்தேன்” என்றேன். அவ்வளவுதான். தலையை ஆட்டிவிட்டுப் போய் ஷூவைக் கழற்றினார்.

நான் பார்த்திருக்காவிட்டால் அந்த கேட்ச் நடந்தது என்று சொல்ல வெளியாள் ஒருவரும் இல்லை. லிஃப்ட் கம்பெனியில் அத்தனை வருடம் இருந்தேன், நான் அங்கே இல்லாவிட்டால் ஒன்று நடக்காததாகிவிடும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. கடைசி வருடங்களில் என் மேஜையை ஸ்பேர் பார்ட்ஸ் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். காற்றோட்டமாக இருக்கும் என்றார்கள். அங்கே ஜன்னல் கிடையாது. ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று இன்னும் யோசிக்கிறேன்.

ஒரு ரன்னா? இரண்டு ஓடியிருக்கலாம். நீங்கள் ஆட்டத்தைப் பாருங்கள், நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருடம்தான் எல்லாம் கெட்டது. முதல் நாலு மேட்சும் தோற்றோம். பேட்டிங் சரியில்லை, அதைவிட ஃபீல்டிங் சரியில்லை. நான் எப்போதும் எல்லைக் கோட்டுக்கு ஓரமாக, ஃபீல்டர் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் உட்காருவேன். தனியாக நிற்கிறார்களே, பாவம், ஒரு துணைக்கு. அவர்கள் இடம் மாறினால் நானும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாறுவேன். சபாபதி என் பக்கத்தில் தேர்ட் மேனாக நின்ற ஒரு நாள், அவர் அம்மாவுக்கு முட்டியில் ஆபரேஷன் என்று கேள்விப்பட்டு விசாரித்துக்கொண்டிருந்தேன். எந்த டாக்டர், எந்த ஆஸ்பத்திரி, அங்கே போகாதீர்கள், இங்கே போங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது பந்து மேலே வந்தது. பந்து மேலே இருக்கும்போது நான் பேசவில்லை. “நிதானம்” என்று மட்டும்தான் சொன்னேன். இரண்டு தடவை. கையில் விழுந்த பந்து தரையில் விழுந்தது.

அதற்குப் பிறகு கேப்டன் டெனிசன் என் பக்கம் ஃபீல்டரே நிறுத்துவதில்லை. அந்தப் பக்கம் பந்து வராது என்று கணக்குப் போட்டார் போலிருக்கிறது. வந்தது. நிறைய பவுண்டரி அந்தப் பக்கம்தான் போயிற்று. நான் இதை அவரிடம் எடுத்துச் சொன்னேன். “தெரியும் சார்” என்றார். தெரிந்துமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

டெனிசனைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா? எதிர் டீமாக ஆடியிருப்பீர்கள். முப்பத்தாறு வயதாகிறது. கார்கோ ஆபீசில் வேலை. தொடை நரம்பு இழுத்துக்கொள்கிறது, ஆனாலும் விடமாட்டார். அவர் மனைவி ஷீபாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் வருவதில்லை, வீட்டிலும் இருப்பதில்லை என்று வருத்தம். போன கிறிஸ்துமஸுக்கு அவரிடம் ஒரு வாக்கு வாங்கிவிட்டாள். நாலாவது டிவிஷனில் இருக்கும்வரை ஆடலாம், இறங்கினால் மட்டையைக் கட்டி வைத்துவிட வேண்டும். டெனிசன் இல்லாவிட்டால் அந்த டீம் ஒரு மாதம் நிற்காது. மைதானத்துக்கு அனுமதி வாங்குவது அவர், பந்து வாங்குவது அவர், ஞாயிறு காலையில் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு எழுப்புவது அவர். ஆகவே இது வெறும் டிவிஷன் பிரச்சினை இல்லை.

எங்கள் ஆட்கள் ராசி பார்ப்பது அதிகம். உங்கள் டீமிலும் இருக்கும். இரண்டு பேர் நின்று ஆடிக்கொண்டிருந்தால் வெளியே இருப்பவர்கள் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. கால்மேல் கால் போட்டிருந்தால் போட்டபடி இருக்க வேண்டும். ஒரு தடவை ஒருவர் பாத்ரூம் போய்விட்டு வந்தபோது விக்கெட் விழுந்துவிட்டது, அவரிடம் ஒரு வாரம் யாரும் பேசவில்லை. நான் இதையெல்லாம் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்புக்குத்தான் இப்போது அனுபவிக்கிறேனோ என்னவோ.

நாலாவது தோல்விக்குப் பிறகு டெனிசனும் நிஸாமும் என்னிடம் வந்தார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். எதிரெதிரே நின்றுகொண்டு யார் ஆரம்பிப்பது என்று பார்த்தார்கள்.

“சார், தப்பா எடுத்துக்கக் கூடாது” என்றார் டெனிசன். “நீங்க எங்களுக்காக வெயில்ல வந்து உக்காரறீங்க. அதை நாங்க மறக்கவே மாட்டோம்.”

“அதனால் என்ன, சொல்லுங்கள்.”

“பசங்க என்ன சொல்றாங்கன்னா…”

நிஸாம் டீயைக் கீழே வைத்தார். “நான் சொல்றேன் சார். உங்க வாய் இருக்கு பாருங்க…”

டெனிசன் அவர் கையைப் பிடித்துவிட்டார். “ராசி சார். ராசின்னு பசங்க சொல்றாங்க. நீங்க வந்தா தோத்துடறோமாம். எனக்கு நம்பிக்கை இல்ல. ஆனா பசங்க மனசுல ஏறிடுச்சு. ரெண்டே ரெண்டு மேட்ச் மட்டும் நீங்க வராம இருந்து பாத்தா…”

“என் வாய் என்று நிஸாம் ஏதோ சொல்ல வந்தாரே?”

“உங்க வாயால எங்களை ஆசீர்வாதம் பண்ணணும்னு சொல்ல வந்தான் சார்” என்றார் டெனிசன். நிஸாம் தலையைக் குனிந்துகொண்டு டீயைக் குடித்தார். நல்ல பையன். நான் ஆசீர்வாதம் பண்ணினேன். கொஞ்சம் விரிவாகவே பண்ணினேன். டீ ஆறிவிட்டது.

வீட்டுக்கு வந்து அன்றைக்குத் தூங்கவில்லை தம்பி. ராசி என்று ஒன்று கிடையாது என்று எனக்குத் தெரியும். லிஃப்ட் கயிறு அறுந்தால் கயிறு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், உள்ளே யார் நின்றார் என்பதில் ஒன்றும் இல்லை. ஆனால் டியூஷன் பிள்ளைகளின் மார்க், ஆபீசில் என் மேஜை, இப்போது இது. மூன்று இடத்திலும் பொதுவாக இருப்பது நான் ஒருவன்தான். என்னிடம் ஏதோ இருக்கிறது. அது என்ன என்றுதான் தெரியவில்லை. என்னை நானே எவ்வளவோ கேட்டுப் பார்த்துவிட்டேன். முகமா? உட்காரும் விதமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி முன்னால் நாற்காலி போட்டு மேட்ச் பார்ப்பது போல உட்கார்ந்து பார்த்தேன். தவறாக ஒன்றும் தெரியவில்லை. வசுமதியிடம் கேட்டேன். “என்கிட்ட என்ன குறைன்னு சொல்லு, நான் திருத்திக்கறேன்” என்றேன். அவள் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் எனக்கே ஒரு யோசனை வந்து, அதை அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததில் அவள் தூங்கிப்போனாள்.

நான் போகாத இரண்டு மேட்சும் ஜெயித்தார்கள். அதற்கு அடுத்ததற்கும் நான் போகவில்லை, அதையும் ஜெயித்தார்கள். சாயங்காலம் டெனிசனுக்குப் போன் போட்டு விசாரித்தேன். “பசங்க நல்லா கவனமா ஆடறாங்க சார். கிரவுண்டே அமைதியா இருந்துச்சு” என்றார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டதே இல்லை. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அன்றைக்கு யாராவது ஒற்றைக் கையில் ஒரு பந்தைப் பிடித்திருப்பார்கள், யாரிடம் போய் “பாத்தீங்களா” என்று கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் போக வேறு இடம் இல்லை தம்பி. ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில்வே ஸ்டேஷனில் போய் உட்கார்ந்திருந்தேன். அங்கே ஒருவரோடு பேச ஆரம்பித்தால் அவருக்கு ரயில் வந்துவிடுகிறது.

நிழல் நகர்ந்துவிட்டது. கொஞ்சம் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்கிறேன். இப்படி. இங்கிருந்து பார்த்தால் பந்து போடுகிறவருக்கு நேர் பின்னால், நன்றாகத் தெரிகிறது. உங்கள் கேப்டன் கையைக் காட்டுகிறார். மறுபடியும் வணக்கம் சொல்கிறார் பாருங்கள். வணக்கம், ஆடுங்கள், ஆடுங்கள்.

எங்கே விட்டேன்? அப்புறம் கடைசி மேட்சில் தோற்றுவிட்டோம். நான் அங்கே இல்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மழை வந்து பாய் நனைந்துவிட்டதாம், பந்து எழும்பவில்லை. எல்லாம் உங்கள் மேட்சைப் பொறுத்தது என்று ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமை டெனிசனே போன் பண்ணினார். அவராகப் போன் பண்ணியது அதுதான் முதல் தடவை.

“சார், ஞாயித்துக்கிழமை என்ன பண்றீங்க?”

“ஒன்றும் இல்லை.”

“பல்லாவரம் யுனைடெட் மேட்ச் இருக்கு. போய்ட்டு வரீங்களா?”

“எதற்கு?”

“சும்மாதான் சார். போய் வழக்கம்போல இருங்க. அடுத்து இறங்கப் போறவன் எங்க உக்காந்திருக்கானோ, அவன் பக்கத்துல உக்காருங்க. அங்கதான் நிழல் இருக்கும்.”

பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. நிஸாம்தான். டெனிசன் சிரிக்கவில்லை. “சார், ஷீபா துவைச்சுப் பரண்ல போடறதுக்கு, துணி துவைக்கிற கல்லு மேல என் கிட் பேக்கை இப்பவே எடுத்து வெச்சுட்டா” என்றார். அதற்கு மேல் நான் என்ன கேட்பது? ராசி இல்லாதவனை எதிரி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மூளை இருக்கிறது.

ஆனால் இந்த நாலு நாளாக எனக்கு வேறு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நீங்கள் இன்றைக்குத் தோற்றீர்கள் என்று வையுங்கள். எங்கள் டீம் பிழைத்தது, டெனிசன் ஆடுவார். ஆனால் என் ராசி நிரூபணமாகிவிடும். அப்புறம் நான் எந்த முகத்தோடு அந்த மைதானத்துக்குப் போவது? டீம் இருக்கும், நான் பார்க்க முடியாது. சரி, நீங்கள் ஜெயித்தீர்கள் என்று வையுங்கள். நான் இங்கேயே உட்கார்ந்திருந்தும் ஜெயித்தீர்கள். அப்படியென்றால் என்னிடம் ஒன்றும் இல்லை. நான் எல்லோரையும் போல ஒரு மனிதன். தாராளமாகப் போய்ப் பார்க்கலாம். ஆனால் டீம் இறங்கிவிடும். ஐந்தாவது டிவிஷன் மேட்ச் செங்குன்றத்துக்கு அப்பால் ஒரு பொட்டலில் நடக்கிறது, மரம்கூடக் கிடையாது. இரண்டு பஸ் மாற வேண்டும்.

நான் இரண்டு பஸ் மாறத் தயார்.

புரிகிறதா? நான் என்ன நினைக்கிறேன் என்று என்னாலேயே என்னிடம் சொல்லிக்கொள்ள முடியவில்லை. காலையில் ரயிலில் வரும்போது, இவர்கள் தோற்க வேண்டும், தோற்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அந்த உயரமானவர் முதல் பந்தில் போனபோது ‘ஐயோ’ என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. பாவம் என்று இல்லை. எனக்காகத்தான். சிவப்புத் தொப்பி போனபோது நிச்சயமாகத் தெரிந்துவிட்டது, நான் டெனிசனுக்காக இங்கே வரவில்லை. என்னைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்திருக்கிறேன். அந்த மனிதர் தொடை நரம்பைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர், என்னை நம்பி அனுப்பியிருக்கிறார், நான் இங்கே உட்கார்ந்துகொண்டு நீங்கள் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். இது துரோகம்தானே? நீங்கள் சொல்லுங்கள். இல்லை, சொல்லாதீர்கள், நீங்கள் எதிர்க்கட்சி.

அடடா. உங்கள் கேப்டன். பந்தைப் பார்க்கவே இல்லை போலிருக்கிறதே, இந்தப் பக்கம் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். ஸ்டம்பு போய்விட்டது. இன்னும் எட்டு ரன்தான் இருந்தது, நின்றிருந்தால் அவரே முடித்திருப்பார்.

இருங்கள், போவதற்கு முன்னால் ஒன்று. நான் உங்களுக்கு உதவ வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டேன், டெனிசன் என்னை மன்னிக்கட்டும். பந்து போடுகிற அந்த இடதுகைக்காரரை, உங்கள் டீம் ஆட ஆரம்பித்ததிலிருந்து கவனிக்கிறேன். ஓடி வரும்போது நாக்கை வெளியே நீட்டினால் மெதுவான பந்து. நாக்கு உள்ளே இருந்தால் வேகமான பந்து. ஒரு தடவைகூட மாறவில்லை. நாக்கைப் பாருங்கள். இன்னொன்று, பாய் இந்தப் பக்க ஓரத்தில் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று, உங்கள் வலது பேடில் கடைசி வார் சரியாக மாட்டவில்லை, ஓடும்போது தடுக்கும். பதற்றப்படாதீர்கள். எங்கள் டெனிசனுடைய குடும்பத்தைப் பற்றி எதுவும் நினைக்காமல் ஆடுங்கள்.

*

வாருங்கள். உட்காருங்கள். தண்ணீர் குடிக்கிறீர்களா?

நாக்கு வெளியே வந்ததா? வந்தது, நானும் பார்த்தேன். மெதுவான பந்துதான், நான் சொன்னபடியே. ஆனால் நீங்கள் நாக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டீர்கள் தம்பி. அது ஒரு தகவல். அதற்கப்புறம் பந்தையும் பார்க்க வேண்டும்.

சரி, விடுங்கள். நான் வருத்தமாக இல்லை, நீங்களும் வருத்தப்படாதீர்கள். நிரூபணமாகிவிட்டது, அவ்வளவுதான். மூன்று பேர் என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள், மூன்று பேரும் ஒன்று, இரண்டு பந்தில் திரும்பி வந்தீர்கள். கேப்டன் பக்கத்தில்கூட உட்காரவில்லை, என்னைப் பார்த்தே போய்விட்டார். இனிமேல் நான் யாரிடமும் வாதாட முடியாது. வசுமதி சொன்னதும் சரிதான்.

கடைசியாகப் போகிறாரே கண்ணாடிக்காரர், அவர் யார்? நீங்கள் ஆடப் போனபோது அவர்தான் அடுத்து என்று தெரிந்து இந்த நாற்காலியைத் துடைத்துக்கூட வைத்தேன். வரவில்லை. அதோ அந்தச் சுவரோரம், வெயிலில் போய் நின்றுகொண்டார். சரி, தனியாக நிற்கிறாரே என்று நானே எழுந்து போகலாம் என்று பார்த்தேன், அதற்குள் நீங்கள் அவுட்டாகிவிட்டீர்கள். மட்டை பிடிப்பதைப் பார்த்தால் ஒரு பந்துகூடத் தாங்கமாட்டார் என்று தோன்றுகிறது. இன்னும் எட்டு ரன்.

தடுத்துவிட்டார்.

இது ஒரு ரன். அந்தப் பக்கம் நிற்கிறவரும் நிதானமாகத்தான் இருக்கிறார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் கையை ஆட்டினேன், கவனிக்கவில்லை.

இப்போது இரண்டு ரன், இன்னும் ஐந்து.

நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆடுகிறது. இல்லை, ஆடுவது நான்தான்.

நாக்கை நீட்டினார், பார்த்தீர்களா? கண்ணாடிக்காரருக்கு யாரும் சொல்லவில்லை, ஆனாலும் காத்திருந்து ஆடினார். இடைவெளியில் போகிறது. போகிறது. ஃபீல்டர் வருகிறார், வரட்டும், எட்டவில்லை. நாலு. இன்னும் ஒன்றுதான்.

ஓடுகிறார்கள். தட்டிவிட்டு ஓடுகிறார்கள். மட்டை உள்ளே வந்துவிட்டது. அம்பயர் கையைத் தூக்கவில்லை.

ஜெயித்துவிட்டீர்கள்.

நான் இங்கேதான் இருந்தேன், இல்லையா? இந்த நாற்காலியில். நீங்கள் சாட்சி. ஒரு நிமிடம்கூட எழுந்து போகவில்லை. ராசி இல்லை தம்பி. என்னிடம் ஒன்றும் இல்லை. உங்களைக் கட்டிக்கொள்ளலாமா? வேண்டாம், வியர்வை, சரி. நீங்கள் போய் அவர்களோடு கொண்டாடுங்கள். கொஞ்சம் இருங்கள், டெனிசனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். காத்துக்கொண்டிருப்பார்.

ஹலோ, டெனிசன். பத்மநாபன் பேசுகிறேன். பல்லாவரம் ஜெயித்துவிட்டது. ஆமாம். ஒரு விக்கெட்டில். ஆமாம், நான் கடைசிவரை இருந்தேன். ஆமாம், பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், நீங்கள் சொன்னபடியே வழக்கம்போலத்தான் இருந்தேன். எல்லோரோடும் பேசினேன், மூன்று பேர் சீக்கிரம் போய்விட்டார்கள். கடைசியில் ஆடின இரண்டு பேரோடு மட்டும் பேச முடியவில்லை, ஒருவர் ஓடிப் போய்விட்டார், ஒருவர் வெயிலில் போய் நின்றுகொண்டார். ஹலோ? ஹலோ? இருக்கிறீர்களா? ராசி எல்லாம் பொய் என்று தெரிந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் போன் பண்ணினேன். அடுத்த வருடம் நான் எல்லா மேட்சுக்கும் வருகிறேன். செங்குன்றமானாலும் சரி. என்ன? சரி. சரி டெனிசன். ஷீபாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வைத்துவிட்டார்.

அவருக்கு இனிமேல் ஞாயிற்றுக்கிழமை லீவாம். அப்படித்தான் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். அப்படியென்றால் நான் யாரைப் பார்க்கப் போவது என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. சந்தோஷத்தில் இருந்தேன். இப்போதுதான் தோன்றுகிறது.

அதற்கு முன்னால் இன்னொன்று சொன்னார். கடைசி இரண்டு பேரோடு பேச முடியவில்லை என்று நான் சொன்னேன் அல்லவா, அதைக் கேட்டதும் “அதான் சார்” என்றார். எதுதான் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அதான் என்றால் எது? ஏதோ ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நிஸாமுக்கும் தெரியும், வசுமதிக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். நீங்களும் அப்போதிருந்து ஏதோ சொல்ல வருவது போலவே இருக்கிறீர்கள். முகத்தைப் பார்த்தால் தெரிகிறது.

சொல்லுங்கள் தம்பி. நான் குறுக்கே பேசமாட்டேன்.